அச்சத்தால் அடித்துக் கொல்லப்படும் நஞ்சற்ற பாம்புகளைக் காப்பது எவ்வாறு?

வினா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் பின்புறத்தில் ஒரு குளமும், அதை ஒட்டிப் புதர் மண்டிய சிறு நிலமும் உள்ளன. அந்நிலத்தில் சாரைப்பாம்புகளும், குளத்தில் தண்ணீர்ப்பாம்புகளும் வாழ்கின்றன. இவ்விரண்டும் நஞ்சற்றவை என்பதைப் பாம்புகளை நன்கறிந்த ஒருவர் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்திருக்கிறார். ஆயினும் கடந்த ஓராண்டில் மட்டும் நான்கு பாம்புகள், என் கண்ணெதிரிலோ நான் ஓடிச் சேர்வதற்குச் சற்று முன்போ, அடித்துக் கொல்லப்பட்டன. கடைசியாகக் கொல்லப்பட்டது ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சாரை. சுவரோரமாக ஒதுங்கிப் புதருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதனை நால்வர் வழிமறித்து வளைத்துக்கொண்டனர். அதற்குத் தப்பிச் செல்லும் திசையே இல்லாமற்போயிற்று.

அடித்தவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. அவர்களுள் ஒருவர் என் அண்டை வீட்டுப் பெரியவர். சிறகு முறிந்த பறவை ஒன்றைப் பல வாரங்கள் வீட்டில் வைத்துப் பேணி, அது பறந்து செல்லும் வரை காத்திருந்தவர் அவர். பாம்பைக் கண்டால் மட்டும் அவர் வேறொருவராகிவிடுகிறார்.

நானும் ஒரு தவறு செய்தேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு அவருடைய தோட்டத்துச் சுவர் இடுக்கில் ஒரு சாரை நுழைவதைக் கண்டேன். சொன்னால் கொன்றுவிடுவார் என்று அஞ்சிச் சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாள் அவருடைய பேத்தி அதனைக் கண்டு அலறியபோது, நான் முன்பே பார்த்திருந்தது தெரியவந்துவிட்டது. "எங்கள் வீட்டுப் பிள்ளையைவிட உங்களுக்குப் பாம்பு பெரிதாகப் போய்விட்டதா?" என்று அவர் கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சாரையும் அன்றே இறந்தது.

இவர்களிடம் எப்படிப் பேசுவது? எச்சரிக்கைப் பலகைகள் பயன்படுமா? அல்லது கண்ணில் படும் பாம்புகளையெல்லாம் பிடிக்கச் செய்து, தொலைவில் உள்ள காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதே நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. வீடுகளுக்குள் புகும் பாம்புகளை மீட்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். நீங்கள் விவரித்ததைப் போன்ற காட்சிகளை நானும் கண்டிருக்கிறேன். அழைப்பு வந்து நான் போய்ச் சேரும்போது, கழிகளைக் கீழே போட்டுவிட்டு மௌனமாக நிற்கும் கூட்டத்தின் நடுவில், எவருக்கும் எந்தத் தீங்கும் செய்யவியலாத ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கும்.

முதலில், பெரியவரின் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஒவ்வோர் ஆண்டும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் உயிரிழக்கின்றனர். இந்த உண்மையைத் தாண்டிக் குதித்து, "பாம்புகள் அப்பாவிகள், அஞ்சாதீர்கள்" என்று தொடங்கினால், குழந்தை வளரும் வீட்டில் எவரும் நம் பேச்சைக் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. உலகில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 4,000 பாம்பு வகைகளுள் மனிதருக்குக் கடும் தீங்கு விளைவிக்கக்கூடியவை சில நூறு மட்டுமே என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரே நிற்பது அந்தச் சில நூறில் ஒன்றா, இல்லையா என்பது தெரியாமல் நடுங்கும் ஒருவருக்கு அந்த விகிதம் ஆறுதல் தராது.

அச்சத்தை அழிக்க முயல்வதைவிட, அஞ்சியவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுப்பது மேல் என்பது என் அனுபவம். பாம்பைக் கண்ட அந்த அரை நிமிடத்தில் அவர் அறிந்த ஒரே செயல் அடிப்பது. வேறு செயல் ஒன்று முன்கூட்டியே பழகியிருந்தால் கை அதனை நாடும். பிள்ளைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் வீட்டுக்குள் அனுப்ப வேண்டும். ஒருவர் மட்டும் பல அடி தொலைவில் நின்று பாம்பின் மீது கண் வைத்திருக்க வேண்டும். பாம்பு வெளியேறும் திசையில் எவரும் நிற்கக்கூடாது. இன்னொருவர் மீட்பாளரை அழைக்க வேண்டும். "நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் விலகி நில்லுங்கள்" என்று ஒருவர் உரக்கச் சொன்ன மாத்திரத்தில் கூட்டத்தின் இறுக்கம் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது என்ன பாம்பு என்பதைவிட, அது எங்கே போய் மறைந்தது என்று தெரியாமற்போவதே மக்களைப் பெரிதும் கலங்கச் செய்கிறது.

கொல்ல முயல்வதே கூடுதல் ஆபத்து என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். விலகி நிற்பவரைத் துரத்திச் சென்று கடிக்கும் வழக்கம் பாம்புகளுக்கு இல்லை. கழியோடு நெருங்குபவரே கடிக்கும் எல்லைக்குள் தாமாகச் செல்கிறார். நச்சுப்பாம்பின் துண்டிக்கப்பட்ட தலைகூடச் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்கக்கூடியது. பேத்தியைக் காக்க நினைக்கும் ஒருவருக்கு, பாம்பின் நன்மைகளைப் பற்றிய விரிவுரையைவிட இந்தச் செய்தி எளிதில் உள்ளே செல்லும்.

ஒரு வேண்டுகோள்: நஞ்சுள்ளது, நஞ்சற்றது என்று பிரித்தறிய எளிய விதிகளைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சு என்கிறார்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் அத்தகைய தலை கிடையாது; மாறாக, நஞ்சற்ற பாம்புகள் பல, மிரளும்போது தலையைத் தட்டையாக விரித்து விரியனைப் போலக் காட்டிக்கொள்கின்றன. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனை, நஞ்சுள்ள கட்டுவிரியன் என்று எண்ணிக் கொல்கிறார்கள். அதைவிடக் கொடுமையாக, கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று நம்பிக் கையில் எடுத்தவர்களும் உண்டு. தண்ணீர்ப்பாம்பு அச்சுறுத்தப்பட்டால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். சாரை கழுத்தைப் புடைத்து உறுமும். இரண்டையும் நாகம் என்றே மக்கள் எண்ணுகின்றனர். தன்னைக் காத்துக்கொள்ளப் பாம்பு போடும் வேடமே அதற்கு எமனாகிவிடுகிறது. ஆகவே உங்கள் இடத்தில் உண்மையில் காணப்படும் இரண்டு அல்லது மூன்று வகைகளை மட்டும் தெளிவாக அறிமுகப்படுத்துங்கள். அவை அல்லாத எதுவாயினும் விலகி நின்று அழைப்பது என்பதே எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும். அடையாளம் தெரியாத பாம்பு கடித்துவிட்டால், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அங்கே ஐயம் என்பது நஞ்சின் பக்கமே சாய வேண்டும்.

தொலைவில் கொண்டுபோய் விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இயன்றவரை வேண்டாம். ஒரு பாம்பு தன் வாழிடத்தில் எந்த வளையில் ஒதுங்கலாம், எங்கே இரை கிடைக்கும், எங்கே வெயில் காயலாம் என்பதையெல்லாம் அறிந்து வாழ்கிறது. அறியாத இடத்தில் விடப்பட்ட பாம்புகள் அலைந்து திரிவதும், அதனால் எளிதில் மடிவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. வீட்டுக்குள் புகுந்த சாரையை அருகிலுள்ள அதே புதர்நிலத்தில் விடுவதே அதற்குச் செய்யும் உதவி. அழைத்தவர்கள் இதனை விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே விடுகிறேன்.

மறுமொழி 2

இங்கே எழுதுபவர்களுள் பெரும்பாலோர் பாம்புகளை நேசிப்பவர்கள் என்று நினைக்கிறேன். நான் அஞ்சுபவள். படத்தில் கண்டாலே உள்ளங்கை வியர்த்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வாசலில் தென்பட்ட ஒரு பாம்பைக் கொல்லச் சொல்லிக் கத்தியவளும் நான்தான். அது நஞ்சற்றது என்று பிறகு தெரிந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, வெட்கமே வந்தது.

"பயப்படாதே" என்ற சொல் என் வாழ்நாள் முழுவதும் எனக்கு எந்தப் பயனையும் தந்ததில்லை. பயன்பட்டது வேறொன்று. ஒருமுறை மீட்புப் பணிக்கு வந்த ஒருவர், என்னை அருகில் வரச் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. மூடிய சன்னலுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பாம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்போது நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள வாசனையை அறிகிறது. உங்கள் காலடி அதிர்வு நின்றதும் அசைவதை நிறுத்திவிட்டது. இப்போது சுவரின் ஓரத்தைத் தேடுகிறது, மறைவாகப் போக நினைக்கிறது." அன்றுதான் அந்த உடலுக்குள் என் மீதான பகை எதுவும் இல்லை என்றும், அதுவும் என்னைப் போலவே வெளியேறும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்றும் புரிந்தது. அச்சம் இன்றும் போகவில்லை. ஆனால் இன்று எங்கள் வீதியில் மீட்பாளரை முதலில் அழைப்பவள் நான்.

பலகைகள் வைப்பதானால், சீறும் பாம்பின் பெரிய படத்தைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போன்றவர்கள் படத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கீழே எழுதப்பட்டிருப்பதைப் படிக்கவே மாட்டோம்.

மறுமொழி 3

அச்சத்தால் கொல்லப்பட்ட நஞ்சற்ற பாம்பினம் ஒன்று மீண்டெழுந்த வரலாறு, வினா எழுப்பியவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

அமெரிக்க, கனடிய எல்லையில் உள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதித் தீவுகளில் ஒருவகை நீர்ப்பாம்பு வாழ்கிறது. நஞ்சில்லாதது, எனினும் பிடித்தால் கடிக்கும், கடித்த இடத்தில் குருதி சற்றுத் தாராளமாகவே வழியும். கரையோரப் பாறைகளில் வெயில் காய்வது அதன் இயல்பு. குளிப்பவர்களும் படகு கட்டுபவர்களும் கூடுகின்ற இடமும் அதே கரைதான். மனிதர்கள் வேண்டுமென்றே கொன்றது அதன் வீழ்ச்சிக்குத் தலையாய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவித்தது.

அதன்பின் சட்டத்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் கோடைதோறும் தீவுகளுக்கு வந்து, பாம்புகளைப் பிடித்து, அளந்து, அடையாளமிட்டு விடும் பணியை மக்கள் காணும்படியாகச் செய்தனர். கரையோர நில உரிமையாளர்களோடு பேசினர், பள்ளிகளுக்குச் சென்றனர், பாம்பை மதிக்கச் சொல்லும் பலகைகளை நிறுவினர். தீவு மக்கள் அனைவரும் பாம்பை விரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொல்லாமல் விட்டனர். வளர்ந்த பாம்புகளின் எண்ணிக்கைக்கு 5,555 என்று குறிக்கப்பட்டிருந்த மீட்பு இலக்கைக் கடந்து, 2011 ஆம் ஆண்டில் அந்தப் பாம்பு கூட்டரசின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. அதனை விட்டுவிட்டுச் சொன்னால் நேர்மையாகாது. 'ரவுண்ட் கோபி' எனப்படும் அயல்நாட்டு மீன் அந்த ஏரியில் புகுந்து பெருகியது. ஏரிக்குப் பல வகைகளில் கேடு விளைவித்த அந்த மீன், இந்தப் பாம்புக்கு மட்டும் முதன்மை உணவாகி, அதன் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் கூட்டியது. ஆனால் உணவு எவ்வளவு கிடைத்தாலும், கரையேறிய பாம்பையெல்லாம் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் எண்ணிக்கை உயர்ந்திருக்காது.

கரிபியக் கடலின் ஆன்டிகுவாவிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. அங்கே மட்டுமே வாழும் நஞ்சற்ற 'ஆன்டிகுவா ரேசர்' பாம்பு, 1995 ஆம் ஆண்டளவில் ஒரு சிறு தீவில் ஏறத்தாழ 50 என்னும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்டங்களின் எலிகளை ஒழிக்கக் கொண்டுவரப்பட்ட கீரிகளே அதன் பெரும்பகைவர்கள். எஞ்சிய தீவில் எலிகளும் அந்தப் பாம்புகளைத் தாக்கின. மனிதர்களும் அஞ்சிக் கொன்றனர். எலிகளை அகற்றி, அருகிலுள்ள தீவுகளிலும் பாம்புகளைக் குடியேற்றி, கூடவே மக்களிடம் "உலகில் வேறெங்கும் இல்லாத பாம்பு உங்களிடம் இருக்கிறது" என்று விடாமல் எடுத்துச் சொன்னதன் விளைவாக, இப்போது அவை ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன.

இரண்டு இடங்களிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். மக்களிடம் "பாம்புகளைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாகச் சொல்லவில்லை. இந்தக் கரையில் உள்ள இந்தப் பாம்பு என்று சுட்டிக் காட்டினார்கள். உங்கள் குளத்தில் வழக்கமாக ஒரே கல்லின் மீது வந்து படுக்கும் தண்ணீர்ப்பாம்பு ஒன்று இருந்தால், பெரியவரின் பேத்திக்கு அதனைத் தொலைவிலிருந்து காட்டுங்கள். நாள்தோறும் பார்த்துப் பழகிய ஒன்றைக் கொல்ல ஒப்புவது கடினம்.

மறுமொழி 4

மேலே சொல்லப்பட்டவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். எனினும், "சாரை எலிகளை உண்டு நமக்கு உதவுகிறது" என்ற வாதத்தின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள். அது உண்மைதான். வளைக்குள்ளேயே நுழைந்து எலிக்குஞ்சுகளை உண்ணப் பாம்பால் முடியும், ஆந்தையால் முடியாது. ஆனால் பயன் இருப்பதால் மட்டுமே வாழ உரிமை என்றால், எலி உண்ணாத தண்ணீர்ப்பாம்புக்காக நாம் என்ன சொல்லப்போகிறோம்? அது மீனும் தவளையும் உண்டு, தன் குளத்தில் தன் பாட்டில் இருக்கிறது. அதுவே போதுமான காரணம் என்று நான் நம்புகிறேன். அதனைத் தயங்காமல் சொல்லவும் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போலவும், பிரிட்டனில் அந்நாட்டுப் பாம்புகளைக் கொல்வதைத் தடைசெய்யும் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் போலவும் பல நாடுகளில் சட்டங்கள் உள்ளன. ஆனால் அண்டை வீட்டாரிடம் முதற்சொல்லாகச் சட்டத்தை எடுத்தால், அடுத்த பாம்பு இரகசியமாகக் கொல்லப்படும், அவ்வளவே.

அச்சமுள்ளவரின் வீட்டைப் பாம்புக்கு வேண்டாத இடமாக்குவதுதான் உடனே செய்யக்கூடிய நற்பணி. சுவர் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். கதவின் அடியில் உள்ள இடைவெளியை மூடுங்கள். வீட்டை ஒட்டிக் குவிந்துள்ள விறகையும் உடைந்த ஓடுகளையும் நிலத்தின் மறுகோடிக்கு மாற்றுங்கள். எலிகளை ஈர்க்கும் தானியத்தையும் குப்பையையும் மூடி வையுங்கள். எலி நஞ்சும் ஒட்டுப்பலகையும் வேண்டாம். நஞ்சுண்ட எலியை விழுங்கும் பாம்பும் நஞ்சுண்டதாகிவிடும். ஒட்டுப்பலகையில் சிக்கிய பாம்பின் துன்பத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மீண்டும் அதனை வாங்கமாட்டார்கள். தோட்டத்தில் தரையோடு விரிக்கப்படும் நெகிழி வலையும் அத்தகையதே. தலையை நுழைத்த பாம்பு, செதில்கள் மாட்டிக்கொள்வதால் பின்வாங்க முடியாமல் வெயிலில் மடிகிறது. இவற்றை நாம் அச்சத்தால் செய்வதில்லை, கவனிக்காமல் செய்கிறோம். ஆனால் பாம்புக்கு முடிவு ஒன்றுதான்.

வினா எழுப்பியவரின் தொடர்ச்சி, மூன்று வாரங்களுக்குப் பின்

மறுமொழி அளித்த அனைவருக்கும் நன்றி. பெரியவரிடம் சென்று முதலில் மன்னிப்புக் கேட்டேன். பாம்பைப் பற்றி அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வாரம் அவருடைய சுவர் இடுக்குகளை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து பூசினோம். வேலையின் நடுவில், தம் இளம் வயதில் உடன் வேலை செய்த ஒருவர் பாம்புக்கடியால் இறந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாக அவரே சொன்னார். இத்தனை ஆண்டுகள் அருகில் வசித்தும் எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். எந்தப் பாம்பை எங்கே கண்டாலும் உடனே அவரிடம் சொல்லிவிட வேண்டும், மறைக்கக்கூடாது. பதிலுக்கு, மீட்பாளர் வரும் வரை அவர் கழியை எடுக்கமாட்டார். ஒப்புக்கொண்டேன். இதுவரை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பேத்தியை உள்ளே அனுப்பிவிட்டு, மாடியில் நின்று, பாம்பு புதருக்குள் சென்று மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் இன்னும் மாறவில்லை. ஆனால் பெரியவர் நிற்கும்போது அவர்கள் முன்வருவதில்லை.

நேற்று மாலை அவரே என்னை அழைத்தார். குளக்கரையில் இரண்டு நீண்ட பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. நாகமும் சாரையும் இணைசேர்கின்றன என்றும், அப்படியானால் அவற்றுள் ஒன்று நஞ்சுள்ளதாயிற்றே என்றும் கலக்கத்தோடு கேட்டார். நான் அறிந்தவரை இரண்டும் சாரையாகவே தெரிந்தன. ஆனால் மீண்டும் ஒரு தவறான உறுதியை அவருக்கு அளிக்க நான் விரும்பவில்லை. சரியான விடை என்ன?

மறுமொழி 1 எழுதியவர்

நீங்கள் விவரிப்பதைக் கொண்டு பார்த்தால், இரண்டும் சாரைகளாகவே இருக்க வேண்டும், அதிலும் இரண்டும் ஆண்கள். சாரை, நாகத்தின் ஆண் என்றும், இரண்டும் இணைசேரும் என்றும் வழங்கும் நம்பிக்கை தவறானது. அவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நீங்கள் கண்டது இணைசேர்வதன்று, மற்போர். இனப்பெருக்கக் காலத்தில் இரு ஆண் சாரைகள் உடலை முறுக்கிக்கொண்டு, ஒன்றன் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயலும். தோற்றது விலகிப் போய்விடும். அவை தம்முள் மூழ்கியிருப்பதால் அருகில் வரும் மனிதரைக்கூடக் கவனிக்காமல் இருக்கும். கூட்டம் வளைத்துக்கொண்டு இரண்டையும் ஒருங்கே கொன்றுவிடுவது பெரும்பாலும் இத்தகைய வேளையில்தான். மாடியிலிருந்து பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அவர் விரும்பினால் அடுத்த முறை பேத்தியையும் அருகில் நிறுத்திக்கொள்ளட்டும். படம் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். இரண்டின் அடையாளத்தையும் உறுதிசெய்து, அவரிடம் நானே பேசுகிறேன்.